ஓடாத மாதிரி ரயில் எஞ்சின்: தண்டவாளத்திலிருந்து மோட்டார் வரை பழுது பார்க்கும் முழு வழிகாட்டி

மாதிரி எஞ்சின் ஒன்று விக்கி விக்கி ஓடத் தொடங்கினாலோ, விரலால் தள்ளிவிட்டால் மட்டும் நகர்ந்தாலோ, மோட்டார் போய்விட்டது என்று உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். மோட்டார் கெடுவது அரிது. தண்டவாளம், சில்லு, சில்லில் உரசும் தகடு, வயர் என்று மின்சாரம் வருகிற வழியில்தான் எங்கோ ஒரு தடங்கல் இருக்கும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இது இன்னும் பொருந்தும். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை உப்புக்காற்றுத்தான். மாரியில் வீட்டுக்குள்ளே ஈரம் தங்கும். கச்சான் வீசும் மாதங்களில் சன்னலை மூடினாலும் மெல்லிய தூசி உள்ளே வந்துவிடும். இவை முதலில் தாக்குவது உலோகமும் உலோகமும் தொடுகிற இடங்களை.

அதனால் இந்த வழிகாட்டி மின்சாரம் போகிற வழியே போகிறது. ஒவ்வோர் இடத்திலும் அளந்து பாருங்கள், அது சரியென்றால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். அளக்காமல் எடுத்தவுடனே எஞ்சினைக் கழற்றினால் நன்றாக இருந்த பாகமும் கெட்டுவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் 12 வோல்ட் டிசியில் ஓடும் எச்ஓ (HO), ஓஓ (OO) அளவு எஞ்சின்களுக்கு. 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் 'என்' (N) அளவுக்கும் முறை இதுவே. அதில் மின்னோட்டம் குறைவு, பாகங்கள் சிறியவை, கை நிதானம் கூட வேண்டும்.

எந்த நாட்டிலிருந்து வந்த செட்?

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த செட் என்றால் பிளக்கைக் குத்த முன்னர் ட்ரான்ஸ்போமரைத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கனடா, அமெரிக்கா செட் என்றால் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று இருக்கும். நமது வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிளக்கை மட்டும் மாற்றிக் குத்தினால் தண்டவாளத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பு வோல்ட் போகும், ட்ரான்ஸ்போமரும் சூடேறி எரியும். 100–240 வோல்ட் என்று அச்சிட்ட அடப்டராக இருந்தால் பயமில்லை. இங்கிலாந்து செட்டுக்கு 230 வோல்ட் பொருந்தும்.

ஜெர்மனி, சுவிற்சர்லாந்திலிருந்து வந்த மார்க்லின் எச்ஓ எஞ்சின் வேறு சாதி. அது 16 வோல்ட் ஏசியில், நடுவில் புள்ளி வைத்த மூன்று வழித் தண்டவாளத்தில் ஓடுவது. இடது, வலது சில்லுகளுக்கிடையே காப்பு இல்லை. அதை நமது இரட்டைத் தண்டவாளத்தில் வைத்தால் அந்தக் கணமே ஷோர்ட் ஆகும். எஞ்சினில் பழுது இல்லை. அதற்குரிய தண்டவாளம் வேண்டும், அவ்வளவுதான். ஐயம் இருந்தால் ஒரே அச்சின் இரு சில்லுகளுக்கிடையே மல்டிமீற்றரை வையுங்கள். பூச்சியம் ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால், எஞ்சினின் அடியில் நீளமான வழுக்குத் தகடும் இருந்தால், அது மூன்று வழி எஞ்சின்.

ட்ரான்ஸ்போமர் பாவிக்க முடியாத நிலையென்றால் 12 வோல்ட் 2 அம்பியர் டிசி அடப்டர் ஒன்றும், மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறிய பிடபிள்யூஎம் (PWM) போர்டு ஒன்றும், முன்பின் மாற்ற இரட்டைச் சுவிட்ச் ஒன்றும் போதும். தண்டவாளத்துக்குப் போகும் வயரில் 1.5 அம்பியர் பியூஸ் கட்டாயம் போடுங்கள். பிடபிள்யூஎம் அதிர்வெண் குறைந்த போர்டு என்றால் மோட்டார் ரீங்காரமிடும். இரும்பு உள்ளகம் இல்லாத கோர்லெஸ் மோட்டாரை அது சூடாக்கிக் கெடுக்கும். அந்த வகைக்கு 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் வேலைசெய்யும் போர்டைத் தேடுங்கள். லப்டொப்பின் 19 வோல்ட் அடப்டரை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீற்றர் ஒன்று, 9 வோல்ட் பற்றரி ஒன்று, கவ்வி வைத்த வயர் இரண்டு சோடி. 30 வோட் சொல்டரிங் அயன், 0.8 மி.மீ. ரோசின் ஈயம். குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பசையைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். நமது ஈரக்காற்றில் சில மாதத்திலேயே பச்சை பிடித்து வயரை அரித்துவிடும். வேர்னியர் கலிப்பர், சிறிய திருப்புளிகள், சாமணம், கண்ணாடி வில்லை, பல்குத்தும் குச்சி, கொட்டன் பட், இழை விடாத பழைய பருத்தித் துணி. ஐசோபுரோப்பைல் அற்ககோல் 99 சதவீதம் கிடைத்தால் நல்லது. 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், உலர நேரம் எடுக்கும். மோட்டார் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் 12 வோல்ட் 5 வோட் பார்க் லைட் பல்ப் ஒன்று வாங்குங்கள். தண்டவாளத்தைச் சோதிக்க அதைவிட நல்ல கருவி இல்லை.

முதல் சோதனை: பழுது எஞ்சினிலா, தண்டவாளத்திலா?

எஞ்சினைப் பஞ்சணை மேல் மல்லாக்கப் படுக்கவையுங்கள். 9 வோல்ட் பற்றரியின் இரு வயர்களையும் இடது, வலது சில்லுகளில் தொடுங்கள். தயங்காமல் சுற்றினால் பழுது தண்டவாளத்திலோ கொன்றோலரிலோ இருக்கிறது. சுற்றாவிட்டால் மேல்மூடியைக் கழற்றி, மோட்டாரின் இரு முனைகளில் நேரடியாகத் தொடுங்கள். அங்கே சுற்றி, சில்லில் தொடும்போது சுற்றவில்லையென்றால் பழுது இடையிலுள்ள தகட்டில் அல்லது வயரில். இரண்டிலும் சுற்றவில்லையென்றால்தான் மோட்டாரையும் கியரையும் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) டிகோடர், அதாவது அந்தக் கட்டளையை வாங்கி மோட்டாரை இயக்கும் சிறு போர்டு, பூட்டிய எஞ்சினில், டிகோடரைக் கழற்றாமல் மோட்டார் முனையில் பற்றரியைத் தொடக் கூடாது, டிகோடர் எரியும். சில பழைய எஞ்சின்கள் முன் போகியில் (சில்லுகள் பூட்டிய, வளைவில் திரும்பும் சட்டம்) ஒரு பக்கமும் பின் போகியில் மறுபக்கமும் மட்டும் மின்சாரம் எடுக்கும். ஒரே போகியின் இரு பக்கத்திலும் தொட்டுவிட்டு எஞ்சின் செத்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள்.

தண்டவாளம்

துடைப்பதற்கு முன்னரே அளந்துவிடுங்கள். துடைத்த பிறகு அளந்தால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

1. பார்க் லைட் பல்பைக் கொன்றோலரிலிருந்து ஆகத் தூரத்திலுள்ள தண்டவாளத் துண்டில் இணைத்து, கொன்றோலரை முழுவதும் திறக்கவும். பல்ப் ஏறக்குறைய 0.4 அம்பியர் எடுக்கும்; அது ஓர் எஞ்சினின் சுமைக்குச் சமம்.

2. கொன்றோலர் முனைகளில் வோல்ட்டை அளக்கவும். பிறகு பல்ப் இருக்கும் இடத்தில் தண்டவாளத்தில் அளக்கவும். வித்தியாசம் 0.5 வோல்ட்டுக்குள் என்றால் நல்லது. 1 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ வோல்ட் இழக்கப்படுகிறது.

3. பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே மீற்றரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் ஒரே தண்டவாளத்தில் தொட்டுப் பாருங்கள். நல்ல மூட்டு 20 மில்லிவோல்ட்டுக்குள் காட்டும். நூற்றுக்கணக்கில் காட்டுகிற மூட்டுத்தான் குற்றவாளி.

மூட்டுத் தகட்டைக் குறட்டால் நெரித்தால் சில கிழமைக்கு ஓடும், பிறகு மீண்டும் கறள் பிடிக்கும். நிரந்தர வழி, ஏறக்குறைய ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு சோடி வயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் ஈயம் பிடித்து, மேசைக்கு அடியில் ஓடும் தடித்த வயரில் சேர்ப்பது. தண்டவாளம் செய்யும் நிக்கல் சில்வர் செம்பைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் தடை உள்ளது. அதையே வயராக நம்ப முடியாது. அடியில் ஓடும் வயருக்கு வீட்டு வயரிங்குக்கு விற்கும் 7/0.67 நன்றாகப் பொருந்தும், அது ஏறக்குறைய 2.5 சதுர மி.மீ. போக 5 மீற்றர், வர 5 மீற்றர் என்று 10 மீற்றரில் 1 அம்பியர் ஓடினால் இழப்பு 0.07 வோல்ட் மட்டுமே. மணி அடிக்கப் பாவிக்கும் 0.2 சதுர மி.மீ. வயரில் அதே தூரத்தில் 0.9 வோல்ட் போய்விடும். தண்டவாளத்திலிருந்து அந்த வயருக்கு இறங்கும் சிறு துண்டு மெல்லியதாக இருக்கலாம், ஒரு சாணுக்கு மேல் வேண்டாம்.

ஈயம் பிடிக்கும்போது பிளாஸ்டிக் சிலிப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) உருகாமல் இருக்க இரு பக்கமும் நனைத்த பஞ்சை வைத்து, அயனை 3 செக்கனுக்கு மேல் வைக்காமல் எடுத்துவிடுங்கள். எல்லா மூட்டையும் ஈயத்தால் ஒட்டிவிடவும் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 15 பாகை சூடேறினால் 5 மீற்றர் தண்டவாளம் 1 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். நீள இடமில்லையென்றால் வளைந்து தூக்கும். வளைவுகளில் மட்டும் ஒட்டுங்கள், நேர்வழியில் இடைவெளி விடுங்கள்.

டிசிசி ஓட்டுகிறீர்கள் என்றால் ஐந்து ரூபாய்க் குற்றியை ஒவ்வொரு பகுதியிலும் இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். உடனே சிஸ்டம் வெட்ட வேண்டும். வெட்டாத இடத்தில் வயர் போதாது. அங்கே தடம்புரண்டால் சில்லும் டிகோடரும் எரியும்.

துடைக்க அற்ககோலும் துணியும் போதும். மண்தாள் கூடாது, அது விடும் கீறலுக்குள் ஊத்தை இன்னும் வேகமாகத் தங்கும். பாத்திரம் தேய்க்கும் உருக்கு நாரை எடுக்கவே வேண்டாம், அதன் துகள்களை மோட்டார்க் காந்தம் இழுத்துக்கொள்ளும். புதிதாக வாங்குவதென்றால் நிக்கல் சில்வர் தண்டவாளத்தையே வாங்குங்கள். மலிவு செட்டில் வரும் உருக்குத் தண்டவாளம் கரையோர வீட்டில் ஒரு மாரியைத் தாங்காது.

சில்லும் தகடும்

பழுதுகளில் பெரும்பாலானவை இங்கேதான். நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்.

சில்லின் ஓடுபரப்பில் கறுப்பாக ஒட்டியிருப்பது எண்ணெயும் தூசியும் தீப்பொறியின் கரியும் சேர்ந்த படலம். பெட்டிகளின் பிளாஸ்டிக் சில்லுகளும் தேய்ந்து அந்தப் படலத்தோடு சேரும். எஞ்சினை எவ்வளவு துடைத்தாலும் பெட்டிச் சில்லு பிளாஸ்டிக் என்றால் ஊத்தை திரும்ப வரும். பெட்டிகளுக்கு உலோகச் சில்லு மாற்றுவது எஞ்சினுக்குச் செய்யும் உதவி.

சில்லு துடைக்க, கடதாசித் துவாய் ஒன்றை அற்ககோலில் நனைத்துத் தண்டவாளத்தின் மேல் விரியுங்கள். ஒரு போகி கடதாசி மேலும் மற்றது வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி எஞ்சினை வைத்து, கையால் பிடித்துக்கொண்டு அரை வேகத்தில் 10 செக்கன் ஓடவிடுங்கள். கடதாசியில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் வரும்வரை இடத்தை மாற்றி மாற்றிச் செய்து, பிறகு எஞ்சினைத் திருப்பி மற்றப் போகி. ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே வழமைபோல் ஓட்டுங்கள். ரப்பர் வளையம் போட்ட சில்லில் அற்ககோல் படக் கூடாது, ரப்பர் காய்ந்து வெடிக்கும். அந்தச் சில்லு மின்சாரமும் எடுப்பதில்லை. வளையம் பளபளத்து இறுகியிருந்தால் புதிதாக மாற்றுங்கள்.

அடுத்தது ஒவ்வொரு சில்லாகச் சோதிப்பது. இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை, பழுதைக் காட்டிக் கொடுப்பது இதுதான். எஞ்சினை மல்லாக்க வைத்து, கொன்றோலரை 4 வோல்ட் அளவில் வையுங்கள். இரு வயரின் நுனியிலும் செம்பு இழைகளைத் தூரிகைபோல் விரித்து, ஒன்றை வலப்பக்கச் சில்லொன்றில் நிலையாகத் தொட்டுக்கொண்டு, மற்றதை இடப்பக்கச் சில்லுகளில் ஒன்றொன்றாகத் தொடுங்கள். எல்லாச் சில்லிலும் ஒரே சுற்றோடு சுற்ற வேண்டும். ஒரு சில்லில் மட்டும் மோட்டார் நின்றால் அந்தச் சில்லின் தகடு தொடவில்லை. பிறகு பக்கத்தை மாற்றிச் செய்யுங்கள். நான்கு சில்லில் இரண்டு செத்திருந்தாலும் எஞ்சின் நேர்வழியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பொயின்றின் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) பிளாஸ்டிக் நடுப்பகுதியில் வந்து நிற்கும். பொயின்றைக் குறைசொல்லுவோம், பழுது எஞ்சினில் இருக்கும்.

தொடாத தகட்டைச் சரிசெய்ய:

1. அடித்தட்டைக் கழற்றுங்கள். ஸ்குறூ ஆணிகளை வெள்ளைத் துணியில் கழற்றின ஒழுங்கிலேயே வையுங்கள். முதலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

2. தகட்டின் நுனியையும் சில்லின் உட்பக்கத்தையும் அற்ககோல் தோய்த்த கொட்டன் பட்டால் துடைக்கவும். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் பென்சில் அழிறப்பரால் தேய்த்து, தூளைத் துடைத்தெடுக்கவும்.

3. தகட்டைச் சாமணத்தால் அதன் அடியிலிருந்து மெல்ல வளைக்கவும், நுனியில் அல்ல. சில்லு அச்சில் இரு பக்கமும் அரை மி.மீ. அசையும், எந்தப் பக்கம் அசைந்தாலும் தொட்டுக்கொண்டே இருக்கும் அளவு போதும். கூட அழுத்தினால் பிரேக் பிடித்ததுபோல் ஆகும். விரலால் சுண்டினால் சில்லு தடையில்லாமல் சுற்ற வேண்டும் (கியர் இணைந்த சில்லு சுற்றாது, அது வழமை).

4. சில்லுக்கும் மோட்டார் முனைக்கும் இடையே ஓம் அளக்கவும். 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். சில்லைச் சுற்றச் சுற்ற எண் துள்ளினால் இன்னும் ஊத்தை இருக்கிறது.

எஞ்சின் தடம்புரள்கிறது அல்லது பொயின்றில் ஏறுகிறது என்றால் இரு சில்லின் உட்பக்கங்களுக்கிடையே கலிப்பரால் அளக்கவும். எச்ஓவிலும் ஓஓவிலும் 14.4 முதல் 14.5 மி.மீ. நன்றாக ஓடும். 14.2 என்றால் பொயின்றில் சில்லை வழிநடத்தும் உட்புறத் தண்டவாளத்தில் இடிக்கும். சில்லை மெல்ல முறுக்கி முறுக்கி வெளியே இழுக்கவும், நேரே இழுத்தால் காப்புக் குழல் உடையும். நமது உண்மையான பாதை 1,676 மி.மீ. அகலம், எச்ஓ கணக்கில் (87இல் ஒரு பங்கு) அது 19.3 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. மற்ற நாடுகளின் 1,435 மி.மீ. பாதைக்கானது. அதனால் இலங்கையின் எம்2 டீசல் எஞ்சின் என்று செய்யப்பட்ட மாதிரியெல்லாம் அடியில் சற்று ஒடுங்கியே தெரியும், அதைப் பழுது என்று திருத்தப் போக வேண்டாம்.

எம்2, ஜெனரல் மோட்டர்ஸின் ஜி12 வகை. ஜி12 மாதிரி ஒன்றுக்கு இலங்கை நிறம் பூசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில எஞ்சின்களில் உலோகச் சாசியே (அடிச்சட்டம்) ஒரு பக்க மின்சாரத்தைக் கடத்துகிறது. போகியும் சாசியும் உரசும் இடத்தில் நிறம் பட்டால் எஞ்சின் நிற்கும்.

மின்னோட்டம் சொல்லும் கதை

சில்லும் தகடும் சரியென்றால் மல்டிமீற்றரை 10 அம்பியரில் வைத்துத் தொடராக இணைத்து, 12 வோல்ட்டில் எஞ்சினைத் தனியே ஓடவிடுங்கள். மூடிய மோட்டார் உள்ள இன்றைய எச்ஓ எஞ்சின் பொதுவாக 0.1 முதல் 0.3 அம்பியர் எடுக்கும். பழைய திறந்த மோட்டார் 0.4 முதல் 0.7 வரை எடுக்கலாம்.

மெதுவாக ஓடுகிறது, மின்னோட்டமும் குறைவு என்றால் தொடுகை சரியில்லை, திரும்பப் போய்த் தகட்டைப் பாருங்கள். மெதுவாக ஓடுகிறது, மின்னோட்டம் கூட என்றால் எங்கோ இறுக்கம். மோட்டாரைக் கியரிலிருந்து பிரித்துத் தனியே ஓட்டிப் பாருங்கள்: மின்னோட்டம் விழுந்தால் இறுக்கம் கியரில், விழாவிட்டால் மோட்டாருக்குள்ளே. மின்னோட்டமே இல்லையென்றால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது கார்பன் (மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு உரசி மின்சாரம் கொடுக்கும் துண்டு) தேய்ந்து முடிந்திருக்கிறது.

மோட்டாருக்குள்ளே

மூடிய மோட்டாரைத் திறக்க வேண்டாம். அதன் துளையால் கம்யூட்டேட்டரில் (கார்பன் உரசும், செம்புத் துண்டுகளாலான உருளை) ஒரு துளி அற்ககோல் விட்டு, மோட்டாரை 3 வோல்ட்டில் சற்று ஓட்டி, காயவிட்டு, அதற்கும் சரிவராவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.

திறந்த மோட்டாரைத்தான் சீர்செய்யலாம். கார்பனைச் சாமணத்தால் எடுங்கள். ஸ்பிரிங் துள்ளிப் போகாமல் விரலால் மறையுங்கள். கம்யூட்டேட்டரைக் கொட்டன் பட்டால் துடைத்து, துண்டுகளுக்கிடையே உள்ள பிளவைப் பல்குத்தும் குச்சியால் கீறி எடுங்கள். அந்தப் பிளவில் அடையும் கார்பன் தூள் துண்டுகளைத் தம்முள் ஷோர்ட் ஆக்கும். எஞ்சின் சூடாகி மெதுவாக ஓடுவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். ஊசியை விட்டால் செம்பில் பிசிறு எழும், குச்சியே நல்லது.

கார்பனை எடுத்த நிலையிலேயே துண்டுகளுக்கிடையே ஓம் அளந்துவிடுங்கள். மூன்று முனை ஆர்மேச்சரில் (மோட்டாரின் சுருள் சுற்றிய, சுழலும் பகுதி) மூன்று சோடிகள் வரும். மூன்றும் ஒரே எண்ணாக, உதாரணமாக 12, 12, 12 என்று இருந்தால் சுருள்கள் நலம். 36, 18, 18 என்று வந்தால் 36 காட்டும் சோடிக்கிடையே உள்ள சுருள் அறுந்துவிட்டது: நல்ல எண்ணின் மூன்று மடங்கும், ஒன்றரை மடங்கு இரண்டும் வருவது அறுந்த சுருளின் அடையாளம். பெரும்பாலும் கம்யூட்டேட்டர்க் காதில் ஈயம் விட்டிருக்கும். கண்ணாடி வில்லையால் பார்த்து மீண்டும் பிடித்துவிடலாம். அந்த மோட்டார் ஒரு நிலையில் நின்றால் கிளம்பாது, தட்டிவிட்டால் ஓடும்.

பழைய ஓஓ எஞ்சின்களின் திறந்த மோட்டாரில் இருக்கும் அல்னிக்கோ காந்தத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினாலோ ஆர்மேச்சரை வெளியே எடுத்தாலோ காந்தம் பலம் இழக்கும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் காந்தத்தின் இரு முனைகளையும் இணைத்து இரும்புத் துண்டொன்றை வையுங்கள். காந்தம் ஏற்கெனவே பலமிழந்திருந்தால் மின்னோட்டம் கூடும், சூடாகும், இழுவை இருக்காது. அதே அளவில் நியோடைமியம் காந்தம் போட்டால் மின்னோட்டம் குறைந்து மெது ஓட்டம் திரும்பும்.

கியர்

சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு தடவை டிக் என்று சத்தம் வந்து எஞ்சின் துள்ளினால், அச்சிலுள்ள பிளாஸ்டிக் பற்சில்லு வெடித்திருக்கிறது. காலப்போக்கில் பிளாஸ்டிக் சுருங்கி, அச்சின் மேல் இறுகி வெடிக்கும். வெடிப்பு மயிரளவுதான் இருக்கும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பசை போட்டு ஒட்டுவதில் பயனில்லை. வெடித்த இடத்தில் இரு பற்களுக்கிடையே இடைவெளி விரிந்துவிட்டது, ஒட்டினாலும் துள்ளும். மாற்றத்தான் வேண்டும்.

இறக்கத்தில் மட்டும் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி இறங்கினால் வேர்ம் (திருகு வடிவக் கியர்) தண்டு முன்பின்னாக அசைகிறது. இரு பக்கமும் 0.1 மி.மீ. வளையத் தகடு போட்டு அசைவைக் குறையுங்கள், முழுவதும் இறுக்கிவிட வேண்டாம்.

எண்ணெய் குறைவாகவே வேண்டும். பிளாஸ்டிக்குக்குத் தீங்கில்லாத மெல்லிய எண்ணெயை ஊசி முனையில் எடுத்து, மோட்டாரின் இரு பித்தளைத் தாங்கியிலும் ஒவ்வொரு துளி. கியருக்குப் பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகும் வெள்ளைக் கிரீஸ், பற்களில் பூசிய அளவு மட்டும். தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பசையாகும். கறள் நீக்கும் ஸ்பிரே கம்யூட்டேட்டருக்கும் நிறத்துக்கும் ஆகாது. எண்ணெய் கூடினால் அது சில்லுக்கு இறங்கித் தண்டவாளம் முழுக்கப் பரவும், நீங்கள் துடைத்ததெல்லாம் வீண்.

மெருகேற்றல்

இழுவை. எஞ்சின் சில்லுகள் நழுவுகின்றன என்றால் பாரம் போதாது. எல்லாச் சில்லும் சுற்றும் எஞ்சின் தன் பாரத்தில் 20 முதல் 25 சதவீதம் இழுக்கும். 300 கிராம் எஞ்சினுக்கு 60 முதல் 75 கிராம். வீச்சுவலையில் கட்டும் ஈயக்குண்டு இதற்கு மிக நல்லது, அதைச் சுத்தியலால் தட்டையாக்கி மேல்மூடிக்குள் வைக்கலாம். இரு போகிக்கும் பாரம் சமமாகப் பரவ வேண்டும். ஈயம் மின்சாரத்தைக் கடத்தும், இன்சுலேசன் டேப் சுற்றுங்கள். எப்பொக்சியால் ஒட்டுங்கள். வெள்ளை மரப்பசை ஈயத்தோடு தாக்கமடைந்து பொங்கி மேல்மூடியை வெடிக்கச் செய்யும். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சிறுபிள்ளைகளிடம் ஈயத்தைக் கொடுக்க வேண்டாம். பாரம் ஏற்றிய பிறகு 12 வோல்ட்டில் எஞ்சினைப் பிடித்தால் சில்லு நழுவ வேண்டும். நழுவாமல் மோட்டார் நின்றால் பாரம் கூடிவிட்டது.

கூடுதல் தகடுகள். இரண்டு சில்லில் மட்டும் மின்சாரம் எடுக்கும் எஞ்சினை எட்டுச் சில்லில் எடுக்கவைத்தால் வேறு எஞ்சின்போல ஓடும். செய்யும் மாற்றங்களில் மிகவும் பயன் தருவது இதுதான். 0.3 மி.மீ. பொஸ்பர் புரொன்ஸ் கம்பி வேண்டும். கிடைக்காவிட்டால் பழைய ரிலேயின் உள்ளே இருக்கும் தொடுகைத் தகட்டை வெட்டி எடுக்கலாம். அடித்தட்டில் செம்புப் போர்டுத் துண்டொன்றை எப்பொக்சியால் ஒட்டி, நடுவில் அரத்தால் செம்பைப் பிரித்து இடது வலது ஆக்கி, கம்பியை அதில் ஈயம் பிடித்து, நுனி சில்லின் உட்பக்கத்தில் மெல்ல உரசும்படி வளையுங்கள். போகிக்கும் சாசிக்கும் இடையே போகும் வயர் பல இழை கொண்ட மெல்லியதாக, வளைவில் போகி திரும்பும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

விளக்கு. பழைய பல்புக்குப் பதிலாக எல்இடி போட்டால் மேல்மூடி உருகாது. வெள்ளை எல்இடிக்கு 12 வோல்ட்டில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் தொடராகப் போட்டால் 9 மில்லிஅம்பியர் ஓடும். கண் கூசினால் 2.2 கிலோஓம்.

டிசிசி. டிகோடர் பூட்ட முன்னர் மோட்டாரின் தடையை அளந்து 12ஐ அதனால் வகுங்கள்: 20 ஓம் என்றால் முடங்கும்போது 0.6 அம்பியர், 1 அம்பியர் டிகோடர் தாங்கும். 8 ஓம் என்றால் 1.5, அதற்குப் பெரிய டிகோடர் வேண்டும். வயர்கள்: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது, செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் பொது நேர்முனை. மோட்டாரின் இரு முனையும் சாசியிலிருந்து முழுவதும் பிரிந்திருக்க வேண்டும். மின்சாரம் கொடுக்க முன்னர் செம்மஞ்சளுக்கும் சிவப்புக்கும், செம்மஞ்சளுக்கும் கறுப்புக்கும், சாம்பலுக்கும் இவ்விரண்டுக்கும் இடையே அளந்து, டிகோடர் இல்லாத நிலையில் எங்கும் இணைப்பு இல்லையென்று உறுதிசெய்யுங்கள். டிகோடர் எரிவதற்குப் பெரும்பாலான காரணம் இந்த ஓர் அளவைத் தவறவிடுவது.

டிகோடரில் இலக்கமிட்ட அமைப்புகளைச் சிவி (CV) என்பார்கள். முதலில் மாற்ற வேண்டியவை சில: சிவி 1 முகவரி, சிவி 2 கிளம்பும் வோல்ட், சிவி 3 வேகமெடுத்தல், சிவி 4 நிறுத்தல். சிவி 29இல் குறுகிய முகவரிக்கு 6 என்றால் டிசியிலும் ஓடும், 2 என்றால் டிசிசியில் மட்டும். நீண்ட முகவரிக்கு முறையே 38, 34.

ஊத்தையில் நிற்காமல் இருக்கக் கப்பாசிட்டர் போடுவார்கள். கணக்கைப் பார்த்துப் போடுங்கள்: 0.2 அம்பியர் எடுக்கும் எஞ்சினில் 15 வோல்ட் 8 ஆக விழும்வரை 1,000 மைக்ரோஃபரட் தாங்குவது 0.035 செக்கன்தான். 2.7 வோல்ட், 1 ஃபரட் சுப்பர் கப்பாசிட்டர் ஆறைத் தொடராக இணைத்தால் ஏறக்குறைய 6 செக்கன். நேர்முனை நீல வயருக்கு. எதிர்முனை டிகோடரின் பொது எதிர்முனைக்கு, கறுப்பு வயருக்கு அல்ல. இடையே 100 ஓம் ரெசிஸ்டரும் அதற்குச் சமாந்தரமாக ஒரு டயோட்டும். கப்பாசிட்டர் இருக்கும்போது சிவி 29இல் டிசி ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் தண்டவாள மின்சாரம் நின்றதும் எஞ்சின் தறிகெட்டு ஓடலாம். புரோகிராமிங் தண்டவாளத்தில் சிவி வாசிக்க மறுத்தாலும் முதல் சந்தேகம் கப்பாசிட்டரே.

மாரிக்கு முன்னர்

ஐப்பசி பிறந்ததும் எஞ்சின்களைத் துடைத்து, ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். பஞ்சணையில் நேரே படவிட வேண்டாம், பழைய பஞ்சணை கரைந்து நிறத்தில் ஒட்டும். பட்டர் பேப்பர் சுற்றுங்கள். இடி மின்னல் காலத்தில் கொன்றோலரைச் சுவிட்சில் நிறுத்துவது போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும்.

மிகப் பழைய எஞ்சின் என்றால் வார்ப்புச் சாசியில் சிறு வெடிப்பு, வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அசுத்தம் கலந்த துத்தநாக வார்ப்பு வெப்பத்திலும் ஈரத்திலும் உள்ளுக்குள்ளேயே உடையும். அதற்கு மருந்தில்லை. மோட்டார், சில்லு, கியரைக் கழற்றி எடுத்து வேறு சாசிக்கு வையுங்கள்.

தை பிறந்து வெளியே எடுக்கும்போது முன்னும் பின்னும் 10 நிமிடம் மெதுவாக ஓட்டி, 12 வோல்ட்டில் எடுக்கும் மின்னோட்டத்தை அளந்து, பெட்டிக்குள் ஒட்டியுள்ள துண்டில் திகதியோடு எழுதுங்கள். 0.18 எடுத்த எஞ்சின் அடுத்த தையில் 0.26 எடுத்தால், அது நிற்கும்வரை காத்திராமல் கியரையும் கம்யூட்டேட்டரையும் அப்போதே திறந்து பார்க்கலாம்.